எல்க் வேட்டையும் என் இடது காதும்

செவிச்சோதனை முடிந்து அந்தச் சிறிய அறையிலிருந்து வெளியே வந்ததும் சோதித்த பெண் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் வலது தோளில் வைத்துச் சுடுபவரா?" என்பதுதான். வேட்டைக்குப் போகிறவன் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தாளில் இருந்த கோடு சொல்லிவிட்டது. 4,000 ஹெர்ட்ஸ் அருகே அது கிணற்றுக்குள் இறங்கியது போலச் சரிந்து மறுபடி ஏறியிருந்தது. இடக்காதில் பள்ளம் ஆழம். வலக்காதில் அதில் பாதிகூட இல்லை. வலது தோளில் துவக்கைப் பதித்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது இடக்காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. வலக்காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்கிறது. எட்டு இலையுதிர்காலம் அப்படிச் சுட்டிருக்கிறேன்.

பேத்தி சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது சட்டியா தட்டா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. ச, த, ஸ என்று காற்றோடு வரும் மெல்லிய ஓசைகள்தாம் முதலில் போகின்றன. இரவில் படுத்தால் இடக்காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். சில்வண்டுக்கு அங்கே இடமே இல்லை. இதற்கு மருந்து கிடையாது, உள்காதின் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மனைவியின் தங்கை மகன். நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. முப்பது மணிநேர வேட்டை வகுப்பை முடித்து, தேர்வில் தேறி, காவல்துறையிடம் துவக்கு அனுமதியும் வாங்கிவிட்டான். போன வாரம் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, துவக்கில் சைலன்சர் போட்டால் காதுக்கவசம் தேவையில்லைதானே?" என்று கேட்டான். கவசம் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு எட்டு ஆண்டு காதுக் கேடாக முடிந்தது; சைலன்சரைக் கண்மூடி நம்பியது பிறகு ஒரு விலங்குக்கு ஒரு பிற்பகல் முழுதும் வேதனையாக முடிந்தது. அவனுக்குச் சொன்னதை விரிவாக எழுதிவைக்கிறேன். வேறு பிள்ளைகளும் கேட்பார்கள்.

நான் 1988இல் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன். அந்தக் காலத்தில் வட நோர்வேயின் மீன் ஊர்களில் எங்களவர் நிறையப் பேர் இருந்தோம். பிறகு பலரைப் போல நானும் தெற்கே இறங்கி, குளொம்மா ஆறு ஓடும் ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கில் குடியமர்ந்தேன். இங்கே செப்டம்பர் 25ஆம் தேதி, மான் இனத்தில் மிகப் பெரியதான எல்க்கின் வேட்டை தொடங்குகிறது. அந்த நாளில் ஊரில் தச்சரும் கிடையாது, குழாய் திருத்துபவரும் கிடையாது, எல்லாரும் காட்டில். பக்கத்து வீட்டு முதியவர்தான் என்னைத் தன் வேட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். இலங்கையின் வன்னியில், மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கும் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் பார்த்து வளர்ந்த எனக்கு, வேட்டை என்றால் முதலில் வகுப்பு, தேர்வு, ஒவ்வோர் ஆண்டும் சுடும் பரீட்சை என்ற ஒழுங்கு புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

தொடக்கத்தில் காதுக்கவசம் போடாமல் இருந்ததற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். நாலு மணிநேரம் பரணில் உட்கார்ந்திருக்கும்போது எல்க் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். ஐந்நூறு கிலோ எடையுள்ள காளைகூடப் பாசித் தரையில் பூனை போல நடக்கும். ஒரு பூர்ச்சங்கிளை வயிற்றில் உரசும் 'சர்க்' என்ற ஓசை மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்கக் காதைத் திறந்து வைத்திருந்தேன். பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ வெடிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகிவிட்டது. .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது சுடுபவர் காதருகில் ஒலியின் உச்சம் 160 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடியென்றாலும் 140 டெசிபலுக்கு மேல் காதுக்கு ஆபத்து என்பது தொழிலகப் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்ட எல்லை. 160க்கும் 140க்கும் வித்தியாசம் இருபதுதானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் ஒலியாற்றல் பத்து மடங்கு கூடுகிறது. இருபது என்றால் நூறு மடங்கு.

சைலன்சரை நான் 2013இல் வாங்கினேன். ஏறக்குறைய 3,000 குரோனர். நோர்வேயில் துவக்குக்குத்தான் அனுமதி. இதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை, வேட்டைப் பொருள் கடையில் காலணி வாங்குவது போல வாங்கிவரலாம். நோர்வே மொழியில் இதற்கு வழங்கும் பெயருக்கு 'ஒலித் தணிப்பான்' என்று பொருள். அந்தப் பெயர்தான் நேர்மையானது. 'சைலன்சர்' என்பது ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் காப்புரிமை பெற்றுத் தன் கருவிக்கு வைத்த விற்பனைப் பெயர். எந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மேக்சிமின் மகன் இவர். அந்தப் பெயர் உலகம் முழுதும் ஒரு பொய்யான படிமத்தைப் பரப்பிவிட்டது. நானும் அதை நம்பித்தான் சுடுதளத்தில் முதல் தோட்டாவைப் போட்டேன். 'புஸ்' என்று ஒரு மூச்சு மட்டும் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, தடித்த பலகையைக் கல்தரையில் தட்டையாகப் போட்டது போல ஓர் அறை. அதன் வால் பிடித்து எதிர்மலையிலிருந்து ஒரு கிழிசல் ஓசை.

அந்தக் கிழிசலைத் தணிப்பானால் ஒன்றும் செய்ய முடியாது. தணிப்பான் என்பது உள்ளே தடுப்புத் தட்டுகள் அடுக்கிய ஓர் உருளை. ரவையின், அதாவது குண்டின், பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயு அந்த அறைகளில் விரிந்து, வேகம் குறைந்து, ஆறி வெளியேறுகிறது. அதனால் குழல்வாய் வெடிப்பு 20 முதல் 30 டெசிபல் வரை தணிகிறது. ஆனால் ரவை நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் 330 மீட்டர் அளவுதான். ஒலியை முந்திப் போகும் ரவை தன் பாதை நெடுகக் காற்றைக் கிழித்துக்கொண்டே போகும். 160இலிருந்து கழித்துப் பார்த்தால் உங்கள் காதுக்கு வந்து சேர்வது 130க்கும் 140க்கும் இடையில். எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், உள்ளே பத்திரமாக அல்ல. சுடுதளத்தில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே நின்றால் அதுவும் கூடும்.

ஆகவே அவனுடைய கேள்விக்கு என் பதில் இதுதான்: தணிப்பானும் வேண்டும், காதுக்கவசமும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மின்னணுக் காதுக்கவசத்தை வாங்கு. மெல்லிய ஓசையைப் பெருக்கிக் கொடுத்து, வெடியோசையை மட்டும் தடுக்கும் வகை. நான் எட்டு ஆண்டு சொல்லிக்கொண்டிருந்த கிளை உரசும் நியாயத்தை அந்தக் கருவி ஒரே நாளில் இல்லாமல் ஆக்கியது. கவசத்தைப் போட்ட பிறகு பரணுக்குக் கீழே எலி ஓடுவதுகூடக் கேட்கிறது. குழுவினர் பேசிக்கொள்ளும் கைவானொலியும் அதற்குள்ளேயே பேசும்.

பிறகு ஏன் தணிப்பான்? நாய்க்காக. இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வேட்டைத் தலைவரின் சாம்பல்நிற எல்க் நாய் எல்க்கை நிறுத்திக் குரைத்துக்கொண்டிருக்கும்போது, சுடுபவன் மெதுவாக நெருங்கிப் போய்ச் சுடுவான். நாய் பல வேளைகளில் குழல்வாய்க்கு முன்னால் பக்கவாட்டில் நிற்கும். அதற்குக் கவசம் மாட்ட முடியாது. அவருடைய பழைய நாய் ஒன்பது வயதில் கூப்பிட்டால் திரும்பாது. தரையைக் காலால் தட்டினால்தான் தலை தூக்கும். பல பருவம் எங்களுக்காக ஓடிய விலங்கு அது. எங்கள் குழுவில் தணிப்பான் இல்லாதவர் நாயை நெருங்கிச் சுடக் கூடாது என்று அவர் விதித்தபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

இன்னொன்று, உதைப்பு. தணிப்பானின் எடையும், வாயு மெதுவாக வெளியேறுவதும் சேர்ந்து தோளில் விழும் உதையை நன்றாகவே குறைக்கின்றன. வெடிக்கு அஞ்சி விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடும் பழக்கம் எனக்கு இருந்தது. யாருக்கும் சொன்னதில்லை. பெருவிலங்கு வேட்டைக்கு இங்கே ஆண்டுதோறும் 100 மீட்டரில் ஐந்து ரவை சுட்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். முன்பெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் தேறுவேன். தணிப்பான் போட்ட ஆண்டில் ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. குறி சரியாக விழுந்தால் விலங்கு நின்ற இடத்திலேயே சாகிறது. வேட்டையில் இதைவிடப் பெரிய நன்மையை நான் அறியேன்.

சுட்ட இடத்தை விலங்கால் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மைதான். குழல்வாய் வெடிப்பு மங்கியிருப்பதால் கிழிசலோசை எங்கிருந்து வந்தது என்று அதற்குத் திசை தெரிவதில்லை. கன்றைச் சுட்டால் கூட வந்த தாய் சில வேளை ஓடாமல் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சிலர் இதை வசதி என்கிறார்கள். எனக்கு அது கண்ணால் பார்க்கக் கடினமான காட்சி. இதே காரணத்தால் குழுவில் இருக்கும் மற்றவருக்கும் சுட்டது யார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகிறது. ஆறு பேர் ஆறு நிலையில் நிற்கும் காட்டில் இது சின்ன விஷயம் அல்ல. சுட்டதும் வானொலியில் பெயரையும் நிலையையும் சொல்வதை எங்கள் குழு கட்டாயமாக்கியது அதன் பிறகுதான்.

இனி 2014 அக்டோபர்.

அன்று எனக்குக் கிடைத்தது பரண் அல்ல, சதுப்பின் ஓரத்தில் ஒரு நிலை. அங்கே போக இளம் பூர்ச்சங்காட்டுக்குள் முக்கால் மணிநேரம் நடக்க வேண்டும். தணிப்பான் குழலுக்கு முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். தோளில் மாட்டிய துவக்கின் நுனி என் தலைக்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் சிக்கிச் சிக்கி விடுபட்டது. நான் குனிந்து, திரும்பி, இழுத்துக்கொண்டு போனேன். நுனியில் சுமார் 400 கிராம் கூடுவதால் துவக்கு முன்பக்கம் கனத்துத் தோளிலேயே சுழலும். நிலைக்கு வந்து உட்கார்ந்தேன். தோட்டாவை ஏற்றினேன். நுனியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு இளங்காளை ஒன்று சதுப்பைக் கடந்தது. எண்பது மீட்டர், பக்கவாட்டில், நின்றது. இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சுட்டேன். தணிப்பான் இருந்தால் ரவை உடலில் படும் ஓசையும் கேட்கும். நெஞ்சுக்கூட்டில் பட்டால் கெட்டியான ஓசை. அன்று கேட்டது ஈரச் சாக்கை அடித்தது போல மந்தமான ஓசை. காளை முதுகை வளைத்து, நடந்து, காட்டுக்குள் போய்விட்டது.

அது நின்ற இடத்தில் பாசியின் மேல் கருஞ்சிவப்பாய்க் கொஞ்சம் இரத்தம், அதில் அரைத்த புல் போலப் பச்சைத் துணுக்குகள். இரைப்பை. நெஞ்சைக் குறிவைத்த ரவை இரண்டு சாண் பின்னால் விழுந்திருந்தது. இப்படிப்பட்ட காயத்தில் உடனே பின்தொடரக் கூடாது; விரட்டினால் விலங்கு மைல் கணக்கில் ஓடும். தலைவர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். தேடலுக்குப் பழக்கிய நாய் இல்லாமல் இங்கே எல்க் வேட்டையே நடத்தக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மணிநேரம் கழித்து நாயைக் கயிற்றோடு விட்டார்கள். அந்த இரண்டு மணிநேரத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒருவர் தன் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஓர் ஊசியிலை மரத்தடியில் படுத்துக் கிடந்ததைக் கண்டோம். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. தலைவர் முடித்துவைத்தார்.

அன்றிரவு துவக்கைத் துடைக்க எடுத்தபோது தணிப்பான் என் விரலுக்கு இளகிக் கொடுத்தது. அரைச் சுற்றுக்கும் அதிகமாகக் கழன்றிருந்தது. விளக்கடியில் பிடித்து அதன் வாயைப் பார்த்தேன். கறுப்பு உலோகத்தில், ரவை வெளியேறும் துளையின் விளிம்பில், நகத்தால் கிள்ளியது போல ஒரு வெள்ளைக் கீறல், பளபளவென்று. தணிப்பானைக் குழலில் திருகும் மரை தளர்ந்து உருளை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. ரவை விளிம்பை உரசித் திசை மாறியிருக்கிறது. துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். அவர் குழலுக்குள் நேரான எஃகுக் கம்பியைச் செலுத்தித் தணிப்பானின் துளை நடுவில் வருகிறதா என்று பார்த்தார். இறுக்கிய நிலையில் நடுவில் வந்தது. மரை முடியும் இடத்தில் தணிப்பான் அமரும் அடித்தோளில் கரி படிந்து இறுகியிருந்ததையும் காட்டினார். அதனால்தான் முழுதாக உட்காராமல் எளிதில் கழன்றிருக்கிறது. அடிபட்ட தணிப்பானை மறுபடி பயன்படுத்த அவர் விடவில்லை.

ஆகவே மரையையும் அடித்தோளையும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துவிட்டே திருகுகிறேன். நிலைக்கு வந்ததும், தோட்டா ஏற்றுவதற்கு முன், உருளையைக் கையால் பிடித்து இறுக்கிப் பார்க்கிறேன். கிளையில் பலமாக இடித்தால் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். தணிப்பானோடு குறி சரிசெய்த துவக்கைத் தணிப்பான் இல்லாமல் சுடுவதில்லை. கழற்றினால் குழல் அதிரும் விதமே மாறி ரவை வேறிடத்தில் விழும். எவ்வளவு மாறும் என்பது துவக்குக்குத் துவக்கு வேறுபடும், அதைத் தாளில் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

நீளத் தொல்லைக்குச் சிலர் குழலை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். நானும் பிறகு 51 சென்டிமீட்டர்க் குழலுக்கு மாறினேன். .308 தோட்டாவில் பத்து சென்டிமீட்டர் குறைத்தால் நொடிக்கு 30 மீட்டர் அளவுக்கு வேகம் போகும்; நூறு மீட்டருக்குள் சுடும் காட்டு வேட்டையில் அது பொருட்டல்ல. ஆனால் குட்டைக் குழலில் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோடு உருளைக்குள் புகும். மெல்லிய அலுமினியத் தணிப்பான் எந்த அளவுக் குழல் வரை தாங்கும் என்று செய்தவர் எழுதியிருப்பார். வாங்கும் முன் அதைப் படிக்க வேண்டும்.

துருவைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. வெடிமருந்து எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குளிரில் அது தணிப்பானுக்குள் வியர்த்து, கரியோடு கலந்து தங்கும். அப்படியே பெட்டகத்தில் நுனி மேலாக நிறுத்தினால் அந்தக் கரிநீர் குழலுக்குள் வடியும். என் நண்பர் ஒருவரின் குழல்வாய் ஒரே குளிர்காலத்தில் செம்புள்ளியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, வாய் கீழாகச் சூடான அறையில் நிறுத்தி உலரவிடுங்கள். பனி பெய்யும் நாளில் துளைக்கு மேல் மெல்லிய ஒட்டுப்பட்டை ஒன்று போதும். சுடுதளத்தில் தொடர்ந்து சுட்டால் உருளை தோலை உரிக்கும் அளவுக்குச் சுடும். அதிலிருந்து எழும் கானல் தொலைநோக்கியில் குறியை அலையவைக்கும், காத்திருங்கள்.

திருட்டு வேட்டைக்கு இது உதவும் என்ற குற்றச்சாட்டை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பெருவிலங்குத் துவக்கில் அந்த அச்சம் மிகை. கிழிசலோசை மலை தாண்டிக் கேட்கும். ஆனால் சின்ன .22 துவக்கில் ஒலியை முந்தாத தோட்டாவைப் போட்டால் உண்மையிலேயே சத்தம் மிகக் குறைவு. கவலைப்படுபவர்களுக்குக் காரணம் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1934இல் கொண்டுவந்த சட்டம் ஒவ்வொரு தணிப்பானுக்கும் 200 டாலர் வரி விதித்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. 2026 ஜனவரி முதல் அந்த வரி பூச்சியமாகிவிட்டது, கைரேகையும் பதிவும் தொடர்கின்றன. அங்கே இருக்கும் என் உறவினர் நான் கடையில் வாங்கிவந்த கதையை நம்பவே மறுத்தார். தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1972 ஆண்டுச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டைக்கே தடை இருக்கிறது. நான் சொல்வது வேட்டையைக் கணக்கெடுத்து, எண்ணிக்கை வகுத்து நடத்தும் ஒரு நாட்டின் கதை.

பிள்ளை இப்போது காதுக்கவசம் வாங்கிவிட்டான். அவனுடைய துவக்கு மரை வெட்டக் கொடுத்திருக்கிறது, ஆகஸ்டில் வந்துவிடும். பரீட்சைக்கு முன் முப்பது பயிற்சி ரவைகள் சுட வேண்டும். அத்தனையையும் தணிப்பானோடே, கவசத்தோடே, வேட்டைக்குப் போகும் அதே உடையில் சுடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கீறல் விழுந்த பழைய தணிப்பானை நான் எறியவில்லை. அவன் கையில் கொடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.